நிலா உடைந்த படத்தில் ஓரமாக நின்றவள்

படம் பார்த்துவிட்டு வந்த யாரிடமும் எங்கள் அக்கா "படம் எப்படி?" என்று விசாரித்து நான் பார்த்ததில்லை. "ஓரத்துல யாரு நின்னா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கதாநாயகன் பறந்து பறந்து அடித்தான் என்று நாங்கள் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் குறுக்கே புகுந்து, "அவன் ஒடச்சானே, அந்தப் பழக்கட யாருட்டு? அந்த மனுசன் அன்னிக்கு வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட என்னா சொல்லியிருப்பான்?" என்பார். அதோடு எங்கள் உற்சாகம் புஸ்ஸென்று போய்விடும். எனக்கு வரும் கோபத்தில் கொழுந்துக் கூடையைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், உயர்தரப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், நானும் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்திருந்தேன். அப்போதுதான் தோட்டமே அக்கா என்று கூப்பிடும் அவருடைய நிரைக்கு அடுத்த நிரை எனக்குக் கிடைத்தது. கொழுந்து மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிரித்துக் கொடுப்பது கங்காணியின் வேலை. ஆனால் நடு நிரை அக்காவுக்கு என்பது கங்காணிக்கும் மேலே யாரோ போட்ட சட்டம் மாதிரி இருந்தது. காரணம் எளிது. அக்கா படக்கதை சொல்லுவார். நடுவில் நின்று சொன்னால்தான் இரண்டு பக்கமும் காதில் விழும்.

விழும் என்றா சொன்னேன்? பக்கத்து நிரைகளுக்கு விழும். அதற்கும் அப்பால் உள்ளவர்களுக்கு ஒருத்தி சொல்லி, அவள் அடுத்தவளுக்குச் சொல்லி, கடைசி நிரைக்குப் போய்ச் சேரும்போது கதை வேறாகிவிடும். நடு நிரையில் கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றால், ஓர நிரையில் அவளை அடக்கம் பண்ணியிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கும்போதுதான் செத்தவள் எழுந்து வருவாள். ஒரு தடவை கதை உச்சத்தில் இருந்தபோது, கை என்ன பறிக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் முத்தல் இலையாகப் பறித்துக் கூடையை நிரப்பிவிட்டோம். நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். கங்காணி எங்களைத் திட்டினார், ஆனால் அவ்வளவு மும்முரமாகத் திட்டவில்லை. அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அக்காவின் இந்தக் குணம் சினிமாவோடு நிற்கவில்லை. கடையில் வடை சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் துண்டில் யாரோ பெரிய மனிதர் ரிப்பன் வெட்டும் படம் இருக்கும். வடையைத் தின்றுவிட்டு எண்ணெய்க் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பின்னாடி ஒருத்தன் இவருக்குக் கொடை புடிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு. முழுசா நனஞ்சிருக்கான். அவன் யாருடி?" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றால் அக்காவே அவனுக்கு ஒரு ஊர், ஒரு வீடு, ஒரு தங்கச்சி, அந்தத் தங்கச்சிக்கு நின்றுபோன ஒரு கல்யாணம் எல்லாம் கொடுத்துவிடுவார். மாலைக்குள் அந்தக் குடைக்காரன் எங்களுக்கு உறவாகிவிடுவான்.

ஒரு வருடம் காமன் கூத்தில் இவர் செய்ததைச் சொல்ல வேண்டும். தோட்டமே திரண்டு நிற்கிறது. தப்பு அடிக்கிற அடியில் நெஞ்சு அதிர்கிறது. சிவன் கண்ணைத் திறக்க, வைக்கோல் கொழுந்துவிட்டு எரிகிறது. காமன் சாம்பல். மூன்றாம் நாள் அவனை எழுப்புவார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூத்து வாத்தியாரிடம் போனார்.

"மூணாம் நாளு எழுப்புறீங்க, சரி. அது வரைக்கும் ரதி எங்க இருந்தா? என்னா சாப்புட்டா?"

"அதெல்லாம் பாட்டுல இல்லம்மா."

"இல்லாட்டி சேருங்க."

வாத்தியார் முறைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் ரதி வேஷம் கட்டிய அண்ணன் அழுது புரண்டு ஓரமாகப் போய்ச் சரிந்தபோது, அக்கா ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த அண்ணன் சிரிக்கவில்லை. வேஷம் கலையாமல், தேம்பிக்கொண்டே, ரதியாகவே அதைக் குடித்து முடித்தார்.

நான் இந்தக் கட்சியே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் என்றால் காட்ட வேண்டும். கட்டடம் சரிய வேண்டும், கடல் எழும்ப வேண்டும், சத்தம் காது வழியாக வயிற்றில் இறங்க வேண்டும். கதைதான் வேண்டுமென்றால் லயத்தில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் போதாதா? இதை அக்காவிடமே சொல்லியிருக்கிறேன்.

"கண்ணுக்கு மட்டும் போட்டா போதுமாடி? மனசு பட்டினி கெடக்குமே" என்பார் அவர்.

"மனசுக்குத்தான் தினம் நீங்க இருக்கீங்களேக்கா. கண்ணுக்கு இந்த மலையையும் மழையையும் விட்டா என்னா இருக்கு?"

"ஏன், ஒன் மூஞ்சி இருக்கே" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் நிலா உடைகிற படம் வந்தது. எங்கோ வெளிநாட்டில் கோடிக்கணக்கில் கொட்டி எடுத்து, தமிழில் பேசவைத்து அனுப்பிய விஞ்ஞானப் படம். படத்தின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நிலா உடைகிற படம் என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்னோட்டத்தை என் கைபேசியில் வைத்து மனப்பாடம் ஆகும்வரை பார்த்தேன். நிலாவில் கோடு விழுகிறது. கோடு பிளவாகிறது. கடல் சாய்கிறது. ஒரு டவுனே எழுந்து போவது மாதிரி ஒரு கப்பல் தரையை விட்டுக் கிளம்புகிறது. ஆகா!

அக்காவிடம் ஓடினேன். கீறல் விழுந்த அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிலா உடைந்தது, கடல் சாய்ந்தது, அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கப்பல் கிளம்பும் இடத்தில் மட்டும், "நிறுத்து, நிறுத்து" என்றார்.

கண் சிமிட்டும் நேரம் வருகிற ஒரு காட்சி. ஒரு கண்ணாடி. அதில் உள்ளங்கையை வைத்தபடி ஒரு பெண். கறுத்த முகம், கலைந்த தலை. அவ்வளவுதான், அடுத்த நொடி குண்டு வெடித்துவிடும்.

"யாரு இவ?"

"யாரோக்கா. கூட்டத்துல ஒருத்தி."

"கூட்டத்துல ஒருத்தின்னு யாருடி இருக்கா ஒலகத்துல? கப்பலுக்குள்ள நின்னுக்கிட்டு வெளிய பாக்குறா. யாரயோ விட்டுட்டுப் போறா. இன்னொருக்கா போடு."

நிலா உடைவதை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! அந்தக் கையை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

அடுத்து வந்த ஞாயிறு அக்கா, அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த ஹட்டன் டவுனுக்குப் போனார். செருப்பு வாங்கப் போனார் என்பது எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு நேரே அடுத்த பஸ்ஸில் வந்ததும் தெரியும், அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். ஆனால் திங்கள் காலை மலையேறும்போது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஹட்டனுக்குப் போனீங்களாமே, நெலா ஒடையிற படம் பாத்தீங்களாக்கா?"

அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாத்தேனே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நியாய அநியாயம் பார்த்து இல்லை. எனக்கும் கேட்க வேண்டும்போல இருந்தது.

சொன்னார் பாருங்கள் ஒரு கதை! நிலா உடையப்போகிறது என்று தெரிந்த பெரிய ஆட்கள் கப்பல் கட்டுகிறார்கள். கப்பலில் போகிறவர்களுக்குச் சோறாக்க, துணி துவைக்க, பிள்ளை பார்க்க ஆள் வேண்டும். மலையிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள்தான் கண்ணாடிக்காரி. அவளுக்கு ஒரு பெண் குழந்தை. நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஏறுகிறாள். கப்பல் கிளம்பும்போது கண்ணாடியில் கையை வைக்கிறாள். அந்தக் கை வரைக்கும் வருவதற்கே அக்காவுக்கு முழு வாரம் ஆனது. கங்காணி மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் நிரையோடே நகர்ந்தார். நிலா எப்போது உடைந்தது என்று நான் கேட்டதற்கு, "அது ஒரு பக்கம் ஒடையிது, விடு" என்றார் அக்கா.

கடைசி நிரையில் சாந்தி நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு மகள் இருந்தாள். கணவன் போன இடம் தெரியாது. சாந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தாள். வைத்தியப் பரிசோதனை முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் ஹட்டன் ஏஜென்டிடம் இருந்தது. இன்னும் அழைப்பு மட்டும்தான் வர வேண்டும். மகளை நாத்தனாரிடம் விடுவதாக ஏற்பாடு.

ஓர நிரையில் அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். சுற்றி வளைக்காமல் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அவ திரும்பி வந்தாளாக்கா?"

"இருடி, கப்பலே இன்னும் போய்ச் சேரல."

அடுத்த நாள் மறுபடியும். "வந்தாளா? புள்ளைக்கு அடையாளம் தெரிஞ்சிச்சா?"

அக்கா ரொட்டியை மென்றுகொண்டே இருந்தார். எந்தக் கதைக்கும் முடிவு சொல்லத் தயங்காத மனுஷி, கண்ணாடிக்காரியை ஆகாயத்தில் விட்டுவிட்டு, கப்பல் சமையலறையில் என்னென்ன பாத்திரம் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது நான் பிடித்துக்கொண்டேன்.

"முடிவச் சொல்லித் தொலைங்களேக்கா. நீங்க கட்டுன கததான?"

"கட்டுனது நான்தான். அவ கேக்குறது கதையில்லடி." கூடையை இறக்கி வைத்தார். "வந்துட்டான்னு சொன்னா, இவ நாளைக்கே கெளம்பிருவா. வரலன்னு சொன்னா, இவ உசுரோட செத்துருவா. நான் எத சொல்லுறது?"

அக்கா பயந்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நாள் சாந்தி கேட்டபோது, "முடிவு வாயால சொன்னா ருசிக்காது. படத்துல பாக்கணும்" என்று தப்பிக்கப் பார்த்தார்.

"அப்ப வாங்க, எல்லாரும் போயி பாப்போம்" என்றாள் சாந்தி.

பெண்கள் ஓ என்று கத்தினார்கள். அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் தேயிலைச் செடிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்தோம். பூ வைத்து, பவுடர் பூசி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போனோம். வேன்காரர் பாட்டுப் போட்டார். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தார்.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. ஐயோ, அந்தப் படம்! நான் கைபேசியில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. முதல் விரிசல் விழுந்தபோது அந்தச் சத்தம் எங்கள் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. சுவரெல்லாம் நிலா. என் கையை யாரோ நெரிக்கிறார்கள் என்று பார்த்தால் அக்கா! வாய் திறந்திருக்கிறது. கண்ணில் நிலா மின்னுகிறது. "ஏய், ஏய், பாருடி, பாருடி!" என்கிறார். கண்ணுக்கு மட்டும் போட்டால் போதுமா என்று கேட்ட அதே அக்காதான்.

கப்பல் கிளம்பியது. கண்ணாடி வந்தது. கை வந்தது.

"வந்துட்டா! கண்ணாடிக்காரி வந்துட்டா!" எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். முன்னால் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்து, கதாநாயகன் இன்னும் வரவில்லையே என்று குழம்பினார்கள். குண்டு வெடித்தது. அவள் போய்விட்டாள்.

அப்புறம் அவள் வரவே இல்லை. இரும்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், நெருப்பு வந்தது, இன்னொரு கப்பல் வந்து இந்தக் கப்பலை இடித்தது. நான் ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன். பெண்களோ கப்பலின் சமையலறை எப்போது வரும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். சமையலறையே வரவில்லை. அந்தக் கப்பலில் யாரும் எதையும் சாப்பிடவில்லை. கடைசியில் கதாநாயகன் சூரியனைப் பார்த்து நின்றான், விளக்கு எரிந்தது.

சாந்தி எழுந்திருக்கவில்லை. "எங்கக்கா அவ?" என்றாள்.

அக்கா பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தியேட்டர்காரன் வெட்டிவிட்டான்! அடுத்த காட்சிக்கு நேரம் மிச்சம் பிடிக்க கண்ணாடிக்காரியின் கதையை வெட்டிவிட்டான்! எங்கள் படை நேராக மேனேஜர் அறைக்குப் போனது. அவர் ஒரு சிங்களக்காரர், நல்ல மனிதர், பால் ஊற்றாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் வெட்டுனீங்க? அந்தப் பொம்பள திரும்பி வர்ற எடத்தக் காட்டுங்க!"

"ஐயோ அம்மா, நான் ஒண்ணும் வெட்ட இல்ல. இப்ப படம் கம்ப்யூட்டர்லதானே வாரது. வெட்ட ஏலாது."

"எங்கக்கா முழுசா பாத்திருக்காங்க. பொய் சொல்லாதீங்க!"

அந்த மனிதர் பாவம், கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "அவர ஏசாதீங்கடி. அவரு ஒண்ணும் வெட்டல. நான்தான் ஒட்டுனேன்."

யாருக்கும் புரியவில்லை.

"நான் இந்தப் படத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். அவ கைய மட்டும் போன்ல பாத்தேன். மிச்சமெல்லாம் நானாச் சொன்னது."

வேன் கிளம்பியது. பாட்டு இல்லை. இத்தனை காலம் அக்கா சொன்ன படங்களில் எது படம், எது அக்கா என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஒருத்தி மட்டும், "அப்ப அந்த ரெட்டப் புள்ளைங்க கதை?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷியை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

பாதி வழியில் நோர்வூட் வந்துவிட்டது. அப்போது பின் இருக்கையிலிருந்து சாந்தி பேசினாள்.

"அக்கா, அவ கப்பலுக்குள்ள இல்ல."

"என்னா?"

"போன்ல பாத்தா உள்ள நிக்கிற மாதிரி இருக்கும். தியேட்டர்ல அவ தலமுடி பறந்திச்சி. பின்னாடி மழ பெஞ்சிச்சி. கப்பலுக்குள்ள மழ பெய்யுமா? அவ வெளிய நிக்கிறாக்கா. கப்பல்தான் போவுது."

வேனுக்குள் சண்டை வெடித்தது. உள்ளேதான் என்றார்கள் பாதிப் பேர். வெளியேதான் என்றார்கள் மீதிப் பேர். மழையா, கண்ணாடியில் விழுந்த நெருப்பின் நிழலா? தலைமுடி பறந்ததா, பறக்கவில்லையா? நான் கைபேசியை எடுத்துப் போட்டால், அந்த உள்ளங்கை அளவுத் திரையில் ஒரு மண்ணும் தெரியவில்லை. அக்கா இருக்கையில் திரும்பி மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. "நல்லாப் பாத்தியாடி? மழ பெஞ்சிச்சா? சத்தியமா?"

"பாத்தேன்க்கா."

"வேனத் திருப்புங்க!" என்றார் அக்கா.

வேன்காரர் எங்களுக்குப் பைத்தியம் என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிக்கொண்டே பாலத்துக்குப் பக்கத்தில் திருப்பினார்.

மாலைக் காட்சிக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படை திரும்பி வருவதைப் பார்த்த மேனேஜர் உள்ளே போய்விடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு அப்படி ஒருத்தி படத்தில் இருப்பதே தெரியவில்லை. இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்! "சரி, அந்த எடம் வரைக்கும் நின்னு பாருங்க" என்று பின்கதவைத் திறந்துவிட்டு, அவரும் கூடவே வந்து நின்றார். வேன்காரரும் வந்தார்.

பின்சுவரோடு வரிசையாக நின்றோம். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தோம். கப்பல் அதிர்கிறது. தூசி பறக்கிறது. "இப்ப, இப்ப" என்கிறார் அக்கா.

கை. கண்ணாடி. கலைந்த தலைமுடி காற்றில் அள்ளிக்கொண்டு பறக்கிறது. அவள் தோளுக்குப் பின்னால் சாய்ந்த மழை, நனைந்த தரை, வரிசையாகக் குடைகள். கப்பலின் ஜன்னல் இல்லை, தரையில் நிறுத்திய தடுப்புக் கண்ணாடி. அதில் கப்பலின் வெளிச்சம் மேலே, மேலே போகிறது. அவள் தரையில் நிற்கிறாள்.

"வெளிய!" என்று கத்தினோம். மேனேஜரும் கத்தினார். முழுத் தியேட்டரும் திரும்பி எங்களைப் பார்த்தது.

அவ்வளவுதான், வந்த வேலை முடிந்தது. நாங்கள் வரிசையாக வெளியே நடந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கோடிக்கணக்கில் செலவழித்துக் கடலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் போனோம். நானும் போனேன், அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். வராதவர் அக்கா மட்டும். "நீங்க போங்கடி. அந்த நெலா ரெண்டாப் பொளக்குற எடத்த இன்னொருக்காப் பாத்துட்டு வாறேன்" என்று சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

வாசல் படியில் உட்கார்ந்தோம். வேன்காரர் கடலை வாங்கி வந்தார்.

"சரி, கப்பல் போயிருச்சி. அவ போகல. மிச்சத்த யாரு சொல்லுறது?" என்றாள் ஒருத்தி.

"நான் சொல்லுறேன்" என்றாள் சாந்தி.

ஓர நிரையில் நின்று, யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டும் சாந்தி. எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"பேரு குடுத்தா. கூப்புட்டாங்க. வாசல் வரைக்கும் வந்துட்டா. ஏறல. கப்பல் மறையிற மட்டும் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் கொடையப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு நடந்தா."

"வீட்டுக்குப் போயி?"

"சோறாக்குனா."

எல்லோரும் சிரித்துவிட்டோம். "நெலா ஒடஞ்சி விழுவுதுடி. இவ சோறாக்குறாளா?" என்றேன் நான்.

சாந்தி சிரிக்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒடஞ்சா? புள்ளைக்குப் பசிக்காதா?"

பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், அக்கா நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நிலா உடைந்ததற்கா, காதில் விழுந்ததற்கா என்று தெரியவில்லை. கடைசிச் சொல்லைக் கேட்டுவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. இறங்கி வந்து சாந்திக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தார். "இது எனக்குத் தோணலியேடி" என்றார். அப்படியொரு சந்தோஷம் அந்தக் குரலில்.

"அக்கா, நாளைக்கு ஏஜென்டுகிட்ட போயி பாஸ்போட்டத் திருப்பிக் கேக்கணும். ஏசுவாரு. கூட வாறீங்களா?"

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "அடியே, நான் வாயில வந்ததச் சொன்னேன். அத நம்பி நீ..."

"உங்க கதைய நம்பலக்கா. நான் பாத்தத நம்புனேன்."

அக்கா கடலை ஒன்றை எடுத்து உரித்து அவள் கையில் வைத்தார். "வாறேன்" என்றார்.

சாந்தி என் கைபேசியை வாங்கி வீட்டுக்கு அழைத்தாள். இருட்டும் முன் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவள், இன்னும் தியேட்டர் வாசலில் இருக்கிறாள். அந்தப் பக்கம் சின்னக் குரல் ஒன்று அழுது அழுது ஏசுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சாந்தி எழுந்து, படிகளில் வேகமாக இறங்கி, வேனை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள்.

"அழுவாதடா. வந்துக்கிட்டே இருக்கேன். அம்மா வந்துட்டேன்."